முப்பத்தொரு பேருக்கு ஒரே 'ஓம்'

1

எங்கள் வீட்டில் செவ்வாயும் வியாழனும் காலை பதினொரு மணிக்கு நாடாளுமன்றக் குழு. மற்ற வீடுகளில் சீரியல் ஓடுகிற நேரம். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு சின்ன நகரத்தில் நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பின்னேரம் மறுபடி ஏற்றும்வரை ஓய்வு. அந்த ஓய்வில் நானும் மனைவி அரசியும் தேநீரோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

எங்களுக்கு அரசியல் ஞானம் முற்றிவிட்டது என்று ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் நினைத்துவிட வேண்டாம். குழுத் தலைவரின் இடது தோளுக்குப் பின்னால் எங்கள் மகள் ஆரணி தெரிவாள். அதுதான் விசயம். அவள் ஒட்டாவாவில் அந்தக் குழுவுக்கு ஆய்வு உதவியாளர். தலைவர் வலப்பக்கம் சாய்ந்தால் அவளுடைய முழு முகமும் தெரியும். நிமிர்ந்து இருந்தால் காது மட்டும்தான்.

"கொஞ்சம் தள்ளி இரு மனே, என்ட புள்ளயக் காணல்ல" என்று அரசி தலைவரைப் பார்த்துச் சொல்லுவாள். அவருக்கு எழுபது வயது இருக்கும். பெற்ற மகனைக் கூப்பிடுகிற மாதிரி அவள் அவரை 'மனே' என்றே கூப்பிடுவாள்.

மகளைப் பார்க்கப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாக விசாரணையும் காதில் விழத் தொடங்கியது. வெளிநாட்டு அரசாங்கங்கள் இந்த நாட்டுத் தேர்தல்களில் கை வைத்தனவா, அரசாங்கத்துக்கு அது எப்போது தெரியும், தெரிந்தும் ஏன் சனங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. ஒருநாள் மந்திரி ஒருவர் வந்து இருந்தார். எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மந்திரி தண்ணீர் குடித்தார். கேள்வி மறுபடி வந்தது. மறுபடியும் குடித்தார்.

அரசி கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "மந்திரியையே கேள்வி கேக்கிறாங்க. பாருங்க, அந்தாளுக்கு வேர்க்குது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயதில், மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது அரச அதிபர் அலுவலகத்தில், ஒரு ஆணைக்குழு வந்து இருந்ததாம். களுதாவளையில் படையினர் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் அவளுடைய மூத்த அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. தாய்க்குப் பேச வாய் வராதென்று இவள்தான் முன்னுக்கு இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். என்ன நிறச் சாரம் உடுத்திருந்தார் என்றுகூடக் கேட்டு எழுதினார்கள். எழுதி முடித்துக் கோப்பைக் கட்டினார்கள். அந்த அறிக்கையை இன்றுவரை எவரும் கண்ணால் கண்டதில்லை.

"எங்களிட்டத்தான் கேட்டாங்க. அவங்களிட்ட ஆரும் கேக்கல்ல" என்றாள் அரசி. அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் அவள் தவறவிட்டதில்லை.

2

போன மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றை நான் மறக்கமாட்டேன். வெளியே பனி கொட்டியது. உள்ளே அந்தப் பெண் உறுப்பினர் உளவுத்துறை அறிக்கையின் ஒரு பக்கத்தை உயர்த்திக் காட்டினார். பாதிக்கு மேல் கறுப்பு மை. எந்த நாடு என்பது கறுப்பு. எந்த ஆள் என்பதும் கறுப்பு. மிஞ்சியிருந்த வரிகளை அவர் வாசித்தார். நகருக்குக் கிழக்கே ஒரு தொகுதி, கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் கூட்டம், ஒரு புலம்பெயர் சமூகத்தின் ஊர்ச் சங்கம், இரண்டு பஸ்கள், எல்லாருக்கும் மதியச் சாப்பாடு, பஸ்ஸையும் சாப்பாட்டையும் ஒழுங்கு செய்தவர் தேங்காய்ப்பால் இறக்குமதி செய்வதாகச் சொல்லிக்கொண்ட ஒருவர்.

அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் நான்தான்.

தேங்காய்ப்பால்காரர் தன்னை ரூபன் என்றுதான் சொன்னார். மூன்று வருடத்துக்கு முந்தி எங்கள் ஒன்றுகூடலுக்கு வந்தார். நல்ல பேச்சு. பெரியவர்களைக் கண்டால் எழும்பி நிற்பார். "நம்மட ஆக்களுக்கு நல்லது செய்யக்கூடிய வேட்பாளர் ஒருத்தர் நிக்கிறார் அண்ண. கட்சியில ஆக்களச் சேர்த்து, கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாப் போதும்" என்றார். படிவங்களையும் அவரே கொண்டுவந்து தந்தார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்கள் கோயில்களில் எல்லாம் குடி வழிதான். தாய் வழியில் வருகிற கூட்டத்துக்குக் குடி என்று பெயர். திருவிழாவைப் பற்றிக் கூட்டம் போட்டால் குடிக்கு ஒரு வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பாளர், வந்து இருப்பார். அவர் 'ஓம்' என்றால் அந்தக் குடியில் பால்குடிப் பிள்ளைவரைக்கும் 'ஓம்' என்றுதான் அர்த்தம். வீடு வீடாய்ப் போய் எவரும் கேட்பதில்லை. என்னுடைய மாமா வண்ணக்கராய் இருந்தவர். அவர் கைதூக்கினால் நூறு கை தூக்கியது மாதிரி இருக்கும். சின்ன வயதில் அதை எத்தனை பெருமையோடு பார்த்திருக்கிறேன்!

இங்கே வந்து சங்கச் செயலாளர் ஆனதும் அந்தப் பெருமை எனக்கும் கொஞ்சம் தலைக்கேறியிருக்க வேண்டும். முப்பத்தொரு படிவம். ஒரு சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் இருந்து முப்பத்தொன்றையும் நானே நிரப்பினேன். விலாசங்கள் சங்கக் கொப்பியில் இருந்தன. கையெழுத்துகளையும் நானே வைத்தேன். பேனையை மாற்றிப் பிடித்து எழுத்தை மாற்றவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. களவு செய்கிறோம் என்று நினைத்தால்தானே ஒளிக்கத் தோன்றும்!

அந்த முப்பத்தொன்றில் ஒன்று ஆரணியின் பேர். அப்போது அவள் வேறு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு வரவும் இல்லை. ஆள்தொகைக்கு ஒரு பேர் என்று போட்டுவிட்டேன்.

படிப்பு முடிந்து இந்த வேலை கிடைத்தபோது, தான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை, இருந்ததும் இல்லை என்று அவள் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். அதைத் தொலைபேசியில் எனக்கு வாசித்தும் காட்டினாள். நானும் "நல்லம் புள்ள" என்றேன். அப்போதும் எனக்கு அந்தப் படிவம் ஞாபகம் வரவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தின் முடிவில் குழு ஒரு தீர்மானம் போட்டது. அந்தத் தொகுதியில் உறுப்பினராகச் சேர்ந்த எல்லாருடைய பட்டியலையும் கட்சி தரவேண்டும். தலைவர் வலப்பக்கம் சாய்ந்தார். என் மகள் தலை குனிந்து அதைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

3

முதலில் நசீரிடம் போனேன். ஏறாவூர் ஆள். இங்கே டயர்க் கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாய் மச்சான் மச்சான் என்று பழகுகிறோம். தெரிவுக் கூட்டத்தன்று பஸ்ஸில் அவரும் வந்தார். ஆனால் வியாபாரி அல்லவா, படிவத்தைக் கடைக்கு வாங்கிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் வாசித்து, தானே கையெழுத்து வைத்துக் கொடுத்தவர். அந்த முப்பத்தொன்றில் அவர் சேர்த்தி இல்லை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையில் இருந்த டயரை உருட்டிச் சுவரில் சாத்தினார். "மச்சான், கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லப் போகாதீங்க. நாம ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறமெண்டா அந்தக் காலத்தில வாயப் பொத்திக்கொண்டு இருந்ததாலதான்."

அது சரிதான். சோதனைச் சாவடியில் கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பாதிப் பதில் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வாயால் கெட்டவர்களின் கதை எங்கள் இரண்டு பேர் ஊரிலும் நிறைய உண்டு.

"பட்டியல் வந்தா புள்ளயின்ட பேர் வருமே நசீர்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியா."

"அப்ப மத்தவனுக்குச் சொல்லாட்டியும் பறவாயில்ல. புள்ளைக்குச் சொல்லுங்க. அல்லாவுக்காகச் சொல்லுறன், அவ தாளில பாத்து அறியக்கூடா."

4

ஞாயிறு மத்தியானம் ஆரணி கூப்பிடுகிற நேரம். கைபேசியைச் சத்தமாக வைத்து மேசையில் வைத்தோம். அரசிக்கும் நான் அதுவரை சொல்லவில்லை. இருவருக்கும் ஒரேயடியாகச் சொல்லித் தொலைப்பது சுகம் என்று நினைத்தேன். சுகமாய் இருக்கவில்லை.

சொல்லி முடித்ததும் ஆரணி கேட்டாள்.

"என்ட கையெழுத்தையும் நீங்கதான் வச்சீங்களா அப்பா?"

"ஓம் புள்ள."

"அந்தத் தாள்ல நான் கையெழுத்து வைக்கக்குள்ள உண்மை சொல்லுறன் எண்டு நினைச்சன்" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கத்தவில்லை. சின்னப் பிள்ளையாய் இருந்தபோது விழுந்து அடிபட்டால் இப்படித்தான் குரல் இறங்கும்.

நான் குடி, வண்ணக்கர், மாமா என்று ஏதோ விளக்கப் போனேன். அடுப்படியில் நின்ற அரசி இடையில் வெட்டினாள்.

"என்ன குடி? அவள் என்ட குடி. தாய் வழிதானே குடி? ஊர் முறையிலயும் அவளுக்காகக் கைதூக்க உங்களுக்கு உரிமையில்ல."

இந்த நாட்டுச் சட்டத்திலும் பிழை, மட்டக்களப்புச் சட்டத்திலும் பிழை. இரண்டு பக்கத்தாலும் அகப்பட்டுக்கொண்டேன். அந்த நேரத்திலும் ஆரணி ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்த மாதிரி இருந்தது. ஆனால் அது உடனே நின்றுவிட்டது.

"நாளைக்குக் காலமையே என்ட மேலதிகாரிக்கு நான் சொல்லவேணும் அப்பா. இனி இந்த விசயத்தைப் பத்தி நீங்களும் நானும் கதைக்கக் கூடாது. அது விதி. குழுவுக்குச் சொல்லுறதும் விடுறதும் உங்கட முடிவு. நான் ஒண்டும் சொல்ல ஏலா." பிறகு, "ஆனா ஒண்டு கேக்கிறன். இது குழு விசயமில்ல. மத்த ஆக்களுக்குச் சொன்னீங்களா?"

"ஆருக்கு?"

"நீங்க கையெழுத்து வச்ச ஆக்களுக்கு."

தொலைபேசியை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் பனி எத்தனை அங்குலம், சாப்பிட்டது என்ன என்பதோடு பேச்சு முடிந்தது. உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு வருவேன் என்று சொல்லியிருந்தவள் வரவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கும் வரவில்லை. காரணம் சொல்லவும் இல்லை.

5

குழுவுக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவெடுத்தேன். எடுத்துவிட்டால் போதுமா? இந்த நாட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளுவதற்கும் படிவம் உண்டு. கடிதம் இரண்டு ஆட்சிமொழிகளில் ஒன்றில் இருக்கவேண்டும். இத்தனை பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. என் ஆங்கிலம் பஸ்ஸுக்குள் போதும். 'இருங்க', 'எழும்பாதீங்க', 'பெல்ட்டப் போடுங்க'. மனச்சாட்சியை எழுத அது காணாது. தமிழில் எழுதி, நூலகத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டு ஆங்கிலமாக்கினேன். 'குடி' என்பதற்கு அந்தப் பிள்ளை அகராதி பார்த்துக் களைத்து, அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று, இந்தக் கடிதத்தைப் பகிரங்கப்படுத்தலாம். மற்றது, இரகசியமாக வைக்கவும். நான் யோசிக்கவே இல்லை. ஆரணியின் பேர் உள்ளே இருக்கிறது, இரகசியத்தில் அடையாளம் போடப் பேனையை வைத்தேன்.

அரசி என் கையைப் பிடித்தாள்.

"மூடி வச்ச கடிதத்துக்கு என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். திறந்து அனுப்புங்க."

"புள்ளயின்ட பேர் கிடக்கு."

"அவளுக்கு ஒண்டும் தெரியாதெண்டும் அதிலதானே கிடக்கு? அத நாலு பேர் வாசிக்கட்டும்."

திறந்தே அனுப்பினோம். இரண்டு கிழமையில் அது குழுவின் இணையப் பக்கத்தில் வந்தது. ஒரு வரியிலும் மை பூசப்படவில்லை. என் பேரைப் பார்க்க அவமானமாக இருந்தது. கூடவே, எதையோ இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. தேர்தல் அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. கவனத்தில் எடுத்திருக்கிறார்களாம், மேலும் தேவைப்பட்டால் அழைப்பார்களாம். ரூபன் எந்த நாட்டுக்கு வேலை செய்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மந்திரியிடம் குழு மறுபடி கேட்டது. தேசியப் பாதுகாப்பு என்றார். எங்களைப் பாதுகாக்கத்தான் எங்களுக்குச் சொல்லாமல் விட்டார்களாம்.

ஆரணிக்கு வேலை போகவில்லை. அறிந்த மறுநாளே தானாய்ப் போய்ச் சொன்னாள் என்பது அவளுக்குத் துணையாய் நின்றது. ஆனால் அந்தக் குழுவில் இருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது மீன்பிடிக் குழு. அதை அவள் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை தலைவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெடியன் இருந்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. அரசி தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. கேள்விகளை முடிவுவரை கேட்டாள்.

6

பிறகு வீடு வீடாய்ப் போனேன். மொத்தம் பதினொரு வீடு. நசீர்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார். "நான் வேணாமெண்டு சொன்ன ஆள். ஆனா தனியப் போனா நீங்க பாதி வழியில திரும்பிருவீங்க" என்றார். வாசலில் காரை நிறுத்திவிட்டு அவர் அதற்குள்ளேயே இருப்பார். நான் மணியை அடிப்பேன்.

அடி விழும், ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலான வீடுகளில் சிரித்தார்கள். "அதுக்கென்ன அண்ண, நீங்க வச்சா நாங்க வச்ச மாதிரித்தானே" என்றார்கள். தேநீர் தந்தார்கள். ஒரு வீட்டில், அடுத்த தேர்தலுக்கும் நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று வேறு சொன்னார்கள். ஊரில் என்றால் அந்தச் சொல்லைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்திருக்கும். இங்கே தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் காருக்குத் திரும்பினேன். இவர்களுடைய இந்த நம்பிக்கையைத்தானே அந்தத் தேங்காய்ப்பால்காரருக்கு நான் தட்டில் வைத்துக் கொடுத்தேன்!

சங்கத் தலைவர் கதவைப் பாதிதான் திறந்தார். "ஊர் மானத்தக் கொண்டுபோய் வெள்ளைக்காரன்ட மேசையில வச்சிட்டீங்க" என்று சொல்லிச் சாத்திவிட்டார். அவருடைய கோபமும் நியாயம்தான்.

மகேஸ் அக்கா வீட்டில்தான் நான் உடைந்துபோனேன். ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை அவருக்கு. புருசன் இல்லை. இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே கேட்டார்.

"தம்பி, ஊரில எனக்கு எல்லாம் மத்தவங்கதான் எழுதினாங்க. கலியாணத்துக்கு அப்பா, காணிக்கு அண்ணன், புருசன் செத்த அண்டைக்குக் கிராம சேவகர். இஞ்ச வந்து குடியுரிமைத் தாளிலதான் முதன்முதல் என்ட பேர நானே எழுதினன். அதையும் நீங்க எழுதிட்டீங்களா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் "சரி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அந்த வீட்டுப் படியில் இறங்கும்போதுதான், ஆரணி எதற்காக என்னை இந்தப் பதினொரு வாசலுக்கும் அனுப்பினாள் என்று விளங்கியது.

வைகாசி மாதத்துக் கடைசி ஞாயிறு. வழமைபோல மத்தியானம் ஆரணி எடுத்தாள். அரசி கழுவு தொட்டியில் மீன் கழுவிக்கொண்டு நின்றாள். மழை, வெயில் எல்லாம் பேசி முடிந்தது. குழு விசயத்தைத்தான் பேசக்கூடாது, இதைப் பேசலாம் என்று துணிந்தேன்.

"புள்ள, நீ கேட்டியே. பதினொரு வீடும் முடிஞ்சுது. எல்லாருக்கும் சொல்லிட்டன்."

நல்லது என்பாள் என்று காத்திருந்தேன்.

"அம்மாக்குச் சொன்னீங்களா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அரசி திரும்பவில்லை. ஆனால் மீனில் கை நின்றுவிட்டது. முப்பத்தொரு படிவத்தில் முதலாவதாக நான் நிரப்பியது அவளுடையது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து வந்தவள். இத்தனை மாதமாய் நான் கடிதம் எழுதியதையும் வாசல் வாசலாய்ப் போனதையும் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை தன்னைப்பற்றிக் கேட்காமல் எனக்குச் சோறு போட்டவள். அவளும் ஒரு ஆள் என்று எனக்குக் கணக்கில் வரவில்லை.

எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மற்ற வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பாடமாகியிருந்த வசனம் இங்கே வர மறுத்தது.

"அரசி, உனக்கும் நான்தான் கையெழுத்து வச்சன். உன்னட்டக் கேக்காம வச்சிட்டன். அது பிழை."

அவள் குழாயைப் பூட்டினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"கேட்டிருந்தா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். நீங்க கேக்கல்ல."

மேசையில் கைபேசி கிடந்தது. தொடர்பு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அப்பா," என்றாள் ஆரணி. "சனிக்கிழமை காலம பஸ்ஸில வாறன். கூட்டிக்கொண்டு போக ரெண்டு பேரும் வாங்க."